ஒரு விரற்கடை உயரம்

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, கீரனூரைச் சுற்றியிருந்த எங்கள் கிராமங்களில் பெண்களுக்கென்று செய்த சைக்கிளைப் பார்ப்பதே அரிது. இருந்ததெல்லாம் ஆண்கள் சைக்கிள். சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை நீண்ட பார் கம்பி, 28 அங்குலச் சக்கரம், கனத்த இரும்புக் கேரியர், தொட்டால் கையில் அப்பிக்கொள்ளும் செயின் மசகு. சேலை கட்டிய ஒருத்தி அந்தக் கம்பிக்கு மேல் காலைத் தூக்கிப் போடுவது ஊர்ப் பார்வையில் எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். எங்களுக்குக் கிடைத்த வண்டி அதுதான். அதில்தான் பழகினோம்.

அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு வகுப்போடு சைக்கிள் பழக்குவதையும் ஒரு வேலையாகச் சேர்த்தவர் அவர். மாலை மங்கிய பிறகு வகுப்பு நடத்தப் போக வேண்டும். பல ஊர்களுக்குப் பஸ் கிடையாது. அண்ணனோ தம்பியோ கொண்டுபோய் விட்டால்தான் பெண் தொண்டர் வகுப்புக்குப் போக முடியும் என்ற நிலை. இதற்கு அவர் கண்ட வழி சைக்கிள். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் தர வேண்டும் என்றும் வற்புறுத்தினார். முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பரவியது. கல்லுடைக்கும் பெண்கள், வயல் வேலைக்குப் போகிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் எனப் பல ஆயிரம் பேர் ஓட்டப் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியது 1996இல் வந்த அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. வடநாட்டுப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் அதைப் படித்தார்கள்.

அந்தப் பெண்களின் துணிச்சலைப் பற்றி இப்படிப் பலரும் எழுதியாகிவிட்டது. அவர்களுடைய முழங்காலும் இடுப்பும் தொடையிடுக்கும் முந்தானையும் பட்ட பாட்டை எழுதியவர்கள் குறைவு. அறிவொளித் தொண்டராக இருந்தபோதும், பிறகு ஆசிரியையாகி விடுமுறை நாட்களில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியபோதும் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று. பயந்து சைக்கிளை விட்டவர்களைவிட, வலி பொறுக்காமல் விட்டவர்களே அதிகம். அந்த வலிகளில் பெரும்பாலானவை ஒரு ஸ்பேனரை எடுத்தால் தீரக்கூடியவை. அதைச் சொல்லித் தர ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பழகும் இடம் பள்ளிக்கூடத்து மைதானம். ஒருத்தி சீட்டில் உட்காருவாள், இன்னொருத்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவாள். பிடித்திருக்கிறவள் கையை எடுத்ததும் வண்டி சாயும். இரண்டு பேருக்கும் சிராய்ப்பு. கீரனூரில் சைக்கிள் கடை வைத்திருந்த ராவுத்தர் மாமாவிடம் வளைந்த மிதிகட்டையை மாற்றக் கொண்டுபோனபோது அவர்தான் சொன்னார்: “எல்லாப் பிள்ளையளுக்கும் எடுத்த எடுப்புல மிதிக்கச் சொல்லிக் குடுக்கிறிய. மொதல்ல விழாம இருக்கச் சொல்லிக் குடுங்கத்தா. ரெண்டு மிதிகட்டையவும் கழட்டிரு. சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கு. ரெண்டு பாதமும் தரையில நல்லாப் பதியணும்.”

அன்றிலிருந்து இன்றுவரை நான் கைவிடாத முறை இது. மிதிகட்டை இல்லாத வண்டியில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். லேசான சரிவு இருந்தால் நல்லது. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் திருப்பினால் வண்டி தானாக நிமிரும் என்பதை உடம்பு கண்டுகொள்ளும். பின்னால் ஒருவர் பிடித்திருந்தால் அந்தச் சாய்வே தெரியாது. தெரியாததை உடம்பு எப்படிப் படிக்கும்? பார்வை முன்சக்கரத்தில் நிற்காமல் தூரத்தில் இருக்க வேண்டும். உந்திவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போக வந்துவிட்டால் மிதிகட்டையைப் பூட்டிவிடலாம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் இப்படி என்னிடம் பழகியிருக்கிறார்கள். கழற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இடது மிதிகட்டைக்கு மரை எதிர்ப்புறமாக ஓடும். வலதை எல்லா நட்டையும் போல இடஞ்சுழியாகத் திருப்பிக் கழற்ற வேண்டும், இடதை வலஞ்சுழியாக. இது தெரியாமல் முரட்டுத்தனமாகத் திருகினால் கிராங்க் மரை வீணாகிவிடும்.

இந்த முறையில் வரும் ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். பழகுவதற்காக இறக்கிய சீட்டு, பழகி முடித்த பிறகும் அப்படியே கிடக்கும். ஓட்ட வந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில் யாரும் அதை ஏற்றுவதில்லை. கால் தரையில் பதிகிறது என்ற தைரியம் வேறு. நார்த்தாமலைப் பக்கம் கல்லுடைக்கப் போய்வந்த மதினி ஒருவர் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கினார். கொஞ்ச நாளில் மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். கேட்டதற்கு, “முட்டி ரெண்டும் விண்ணு விண்ணுனு தெறிக்குது தாயி. நமக்கு இது ஆகாது போல” என்றார். நாளெல்லாம் சம்மட்டி பிடிக்கிறவருக்குச் சைக்கிள் மிதிப்பதா ஆகாது? வண்டியைப் பார்த்தேன். மிதிக்கும்போது முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. முட்டி முழுக்க மடங்கிய நிலையிலிருந்து உடல் எடையைத் தள்ளினால் முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடிவிடும். ராவுத்தர் மாமா சீட்டை ஒரே நாளில் ஏற்றவில்லை. “ஒரு வெரக்கட ஏத்துறேன். ரெண்டு நாள் ஓட்டிட்டு வாம்மா, இன்னும் ஒரு வெரக்கட ஏத்தலாம்” என்று படிப்படியாக ஏற்றிக் கொடுத்தார். அந்த மதினி அதன்பிறகு பல வருஷம் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போனார்.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க அளவுநாடா வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் நேராக உட்காருங்கள். ஒரு மிதிகட்டையை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் முட்டி மடங்காமல் நீண்டிருக்க வேண்டும். அதற்காக இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. ஓட்டும்போது முன்பாதத்தால்தானே மிதிப்போம், அப்போது முட்டியில் சின்ன மடிப்பு இருக்கும். அதுதான் அளவு. ஓட்டுகிற செருப்போடு பார்க்க வேண்டும். இந்த உயரத்தில் சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதத்தையும் தரையில் பதிக்க முடியாது, நுனிக்கால்தான் எட்டும். பலருக்கும் பயம் இங்கேதான். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிக்கொண்டால் பயம் போய்விடும். சீட்டுக் கம்பியில் ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியுமளவுக்கு ஏற்றிவிடக் கூடாது. கம்பி உடைந்து ஆளைக் கவிழ்த்துவிடும்.

இனிச் சொல்லப்போவதை அன்று வகுப்பு முடிந்து அரிக்கேன் விளக்கை அணைத்த பிறகுதான் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். சீட்டின் முன்மூக்கு உறுத்தும். சிலருக்கு மரத்துப்போகும், சிலருக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரியும். யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் சைக்கிளே போய்விடும். சீட்டு, உட்காரும் எலும்புகள் இரண்டையும் தாங்க வேண்டும். பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி பொதுவாக ஆண்களைவிட அகலம். ஆண்களுக்கென்று செய்த குறுகிய சீட்டில் எலும்பு வெளியே தொங்கிவிட, உடம்பின் பாரம் முழுக்க நடுவில் இருக்கும் மென்மையான இடத்தில் இறங்குகிறது. வலிக்குக் காரணம் அதுதான். உடம்பில் குறை ஒன்றும் இல்லை.

உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியின் அட்டை போதும். திண்ணையிலோ படிக்கட்டிலோ போட்டு அதன்மேல் கொஞ்சம் முன்சாய்ந்து அழுத்தமாக உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி தெரியும். குழிகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்து, அதைவிடச் சுமார் 2 சென்டிமீட்டர் அகலமான சீட்டாகப் பாருங்கள். பின்பக்கம் அகலமாகவும் மூக்கு குட்டையாகவும் நடுவில் பள்ளமோ திறப்போ உள்ளதாகவும் பெண்களுக்கான சீட்டுகள் இப்போது கிடைக்கின்றன. ஆனால் அகலம் கூடக்கூட நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். அளவுக்கு மேல் அகலமானால் உள்தொடை உரசிப் புண்ணாகும். பஞ்சு மெத்தை போன்ற சீட்டு உறை கடைத்தெரு வரைக்கும் சுகமாக இருக்கும். தூரம் போனால் எலும்பு அதில் புதைந்து, நடுப்பகுதி பிதுங்கி மறுபடி அதே இடத்தைத்தான் அழுத்தும். என் அனுபவத்தில் கொஞ்சம் கெட்டியான சீட்டே நல்லது.

சீட்டைப் புதிதாக வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை இரண்டு. சீட்டுக்கு அடியில் இருக்கும் நட்டைத் தளர்த்தி, சீட்டைத் தரைக்கு இணையாக வைத்துப் பாருங்கள். அதிலும் உறுத்தினால் மூக்கை மிகமிகக் கொஞ்சமாகத் தாழ்த்துங்கள். அதிகம் தாழ்த்தினால் முன்னால் சறுக்கிச் சறுக்கி மணிக்கட்டு வலிக்கும். இரண்டாவது, ஹேண்டில்பார். எட்டிப் பிடிக்கக் குனியக் குனிய முன்பக்கத்தில்தான் பாரம் இறங்கும். முழங்கை லேசாக மடங்கியிருக்கும் தூரமே சரியான தூரம். சாதாரண வண்டிகளில் ஹேண்டில்பார் நடுவே மேலே தெரியும் போல்ட்டைச் சில சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு விட்டுக்கொடுக்கும். வேண்டிய உயரத்துக்குத் தூக்கி மறுபடி இறுக்கலாம். அதிலும் கோடு உண்டு, அதைத் தாண்டக் கூடாது.

உள்ளாடை விஷயம் சின்னதாகத் தெரியும், சின்னதல்ல. தொடையிடுக்கில் தடித்த தையல் வரும் உள்ளாடைதான் பாதிப் புண்ணுக்குக் காரணம். தையல் மெலிந்த பருத்தி போதும். தூரம் போகிறவர்கள் அடியில் மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கிச் சுடிதாருக்குள் போட்டுக்கொள்ளலாம். அதற்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது. ஒவ்வொரு முறையும் துவைத்துக் காயவைத்த பிறகே மறுபடி போட வேண்டும். உரசும் இடத்தில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுவது எங்கள் காலத்து வைத்தியம், இன்றும் பலன் தரும்.

சேலையில் ஓட்ட முடியாது என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்துக் கல்லுடைக்கும் பெண்களைப் பார்க்காதவர்கள். அவர்கள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டுவார்கள். உள்பாவாடை நல்ல சுற்று வைத்துத் தைத்ததாக இருக்கும். ஒட்டித் தைத்த பாவாடையில் முட்டி மேலே வராது. செயின் வலப்பக்கம் இருப்பதால் கொசுவத்தின் திறந்த ஓரம் இடப்பக்கம் பார்க்கும்படி மடித்துச் செருகுவார்கள். முந்தானையை முதுகைச் சுற்றி வலது இடுப்புக்குக் கொண்டுவந்து இறுக்கமாகச் செருகுவார்கள். நைலக்ஸ் சேலை நழுவிப் பறக்கும் என்பதால் ஓட்டுகிற நாளில் பருத்திதான். செயினை முழுக்க மூடும் செயின் கவர், பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வலை. இவை இல்லாத வண்டியில் சேலையோடு ஏற வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்லுவேன்.

சேலையைவிட எனக்கு அதிகம் பயம் துப்பட்டாவிடம். நான் பழக்கிய பிள்ளைகளில் ஒருத்தி அன்னவாசல் சாலையில் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு தோளிலும் தொங்கவிட்ட துப்பட்டாவின் ஒரு நுனி காற்றில் பறந்து பின்சக்கரத்துக்குள் போனது. ஓடுகிற சக்கரம் துணியைச் சுருட்டிக்கொண்டே போகும். கழுத்து பின்னால் இழுபட்டு அவள் மல்லாந்து விழுந்தாள். பின்னால் வந்த கீரை விற்கும் அம்மா கூடையில் இருந்த அரிவாளால் துப்பட்டாவை அறுத்துவிட்டார். அதனால் பிழைத்தாள். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக விழுந்த தடம் பல வாரம் இருந்தது. பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகும் பெண்களும் இதேபோல உயிரை விட்டிருக்கிறார்கள். ஆகவே தங்கச்சிகளே, துப்பட்டாவை ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காகக் கொண்டுவந்து பக்கவாட்டில் முடிச்சுப் போடுங்கள். நுனிகள் குட்டையாக இருக்கட்டும். இல்லையென்றால் மடித்துப் பையில் வையுங்கள். தொளதொளத்த பேன்ட் போட்டிருந்தால் வலது கால் ஓரத்தை ஒரு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். செருப்பு பின்பட்டை வைத்ததாக இருக்கட்டும்.

ஹெல்மெட் அன்று எங்களிடம் கிடையாது. இன்று கிடைக்கும்போது போடாமல் இருப்பதற்குக் காரணம் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு நேராக உட்கார வேண்டும். பக்கவாட்டுப் பட்டைகள் காதுக்குக் கீழே வந்து சேர வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழைந்தால் போதும். உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் பின்னால் சரிந்து நெற்றியைத் திறந்துவிடும். பின்கழுத்தில் தாழ்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். பூ வைக்க ஆசைப்பட்டால் அந்தப் பின்னலின் கீழே வையுங்கள்.

எங்கள் அப்பத்தாவுக்கு வேறு பயம். “சமஞ்ச புள்ள காலை விரிச்சு அதுல ஒக்காந்தா கர்ப்பப்பை எறங்கிப்போகும், நாளைக்கு யாருடி கட்டுவா?” என்று கேட்டபடி இருக்கும். இந்தப் பேச்சால் நின்றுபோன பிள்ளைகள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெண் மருத்துவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்துவந்து பேசவைத்தோம். கர்ப்பப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது, சைக்கிள் ஓட்டுவதால் அது இறங்காது என்றார். கன்னித்திரை பற்றியும் கூசாமல் பேசினார். அது பெண்ணுக்குப் பெண் வேறுபடும், அதை வைத்து யாருடைய நடத்தையையும் அளக்க முடியாது என்று அவர் சொன்னபோது பின்வரிசையில் இருந்த அம்மாக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மாதவிலக்கு நாட்களில் ஓட்டலாம். துணியோ நாப்கினோ மடிந்து உரசாமல் பார்த்துக்கொண்டால் சரி. இன்று வந்திருக்கும் மாதவிடாய்க் குப்பி, தூரம் ஓட்டுகிறவர்களுக்கு மிகவும் வசதி. கர்ப்பிணிகளுக்கு ஓட்டுவதைவிட விழுவதில்தான் ஆபத்து. வயிறு பெருக்கப் பெருக்க வண்டியின் நிலை மாறும் என்பதால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் விஷயம் இன்னும் என்னைக் கோபப்படுத்துகிறது. வழியில் ஒதுங்க இடம் கிடையாது என்று எங்கள் தொண்டர்கள் புறப்படும் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். சித்திரை வெயிலில் அப்படியே போய் வருவார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்திக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல். வழியில் எந்த ஊர்ப் பள்ளியில், எந்த வீட்டில், எந்த அங்கன்வாடியில் கழிப்பறைக்குப் போகலாம் என்று விசாரித்து ஒருவருக்கொருவர் சொல்லிவைத்தோம். தண்ணீர் பாட்டில் மாட்டும் கம்பியைவிட இந்தத் தகவல்தான் பெண்ணுக்கு முதல் சாமான். எத்தனையோ வருஷம் கழித்தும் நெடுஞ்சாலையில் ஒரு பெண் நம்பி நுழையக்கூடிய கழிப்பறையைத் தேட வேண்டியிருப்பது வெட்கக்கேடு.

சுமை ஏற்றுவதில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கேரியரின் இரண்டு பக்கமும் குடங்களைக் கட்டி, எடை சமமாகவும் தாழ்வாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். பெண்கள் சைக்கிள் கிடைத்த பிறகும் சிலர் ஆண்கள் சைக்கிளை விடவில்லை. பார் கம்பியில் சின்னச் சீட்டு மாட்டிக் குழந்தையைத் தன் இரண்டு கைக்கும் நடுவே உட்காரவைக்கலாம் என்பதுதான் காரணம். கேரியரில் உட்காரும் குழந்தையின் குதிகால் போக்ஸ் கம்பிக்குள் சிக்குவதை நான் பார்த்திருக்கிறேன்; தோல் உரிந்து எலும்பு தெரியும். பின்சக்கர வலையும் கால் வைக்கும் கட்டையும் இல்லாமல் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் சீமைக்கருவேல முள். ராவுத்தர் மாமா கடையில் இருந்து கற்ற முதல் வேலையும் பஞ்சர் ஒட்டுவதுதான். டயரைக் கழற்ற ஸ்குரூ டிரைவரைப் போட்டால் டியூப் கிழியும், டயர் லீவர்தான் வேண்டும். டியூபில் காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும். அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது ஈரம் போய்ப் பிசுபிசுக்கும் வரை பொறுத்திருந்து ஒட்ட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாத ஒட்டு நிற்காது. டியூபை மாட்டும் முன் டயரின் உட்புறத்தை விரலால் கவனமாகத் தடவிப் பாருங்கள். முள்ளின் முனை உள்ளேயே இருந்தால் அடுத்த தெருவில் மறுபடி பஞ்சர். இருட்டிய நேரத்தில் ஆளில்லாத சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காகவே ஒவ்வொரு பெண்ணும் இதைக் கற்க வேண்டும் என்று நினைக்கிறேன். வாரம் ஒருமுறை காற்றை அழுத்திப் பாருங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும்.

சாலையில் ஓரமாய்ப் போ, ஓரமாய்ப் போ என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். திருச்சி–புதுக்கோட்டை சாலையில் விளிம்போடு ஒட்டிப் போனவர்கள்தான் மணலில் சறுக்கி விழுந்தார்கள். விளிம்பிலிருந்து ஒரு கை தூரம் உள்ளே, நேர்கோட்டில் போக வேண்டும். அப்போதுதான் பின்னால் வரும் பஸ் டிரைவர் உங்களைக் கண்டு விலகுவார், உங்களுக்கும் ஒதுங்க இடம் இருக்கும். திரும்பும் முன் தோளுக்கு மேல் பின்னால் பார்க்க வேண்டும். அப்போது வண்டி கோணாமல் இருக்க மைதானத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் ஓட்டவே கூடாது. மழையில் இரும்பு ரிம் வைத்த வண்டிக்குப் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன்கூட்டியே அமுக்குங்கள். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். சின்னக் கை உள்ளவர்களுக்கு விரல் பிரேக்கை எட்டாது. பல வண்டிகளில் பிரேக் பிடியில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது, அதைத் திருகிப் பிடியை அருகில் கொண்டுவரலாம். எங்கள் டைனமோ விளக்கு வண்டி நின்றதும் அணைந்துவிடும். இப்போது எல்.இ.டி. விளக்குகள் மலிவு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இரண்டும் வேண்டும்.

கேலி பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்ல எங்களோடு வந்த ஒரு சின்னம்மாவுக்குத்தான் தெரியும். டீக்கடை வாசலில் எவனாவது ஏதாவது சொன்னால் வண்டியை நிறுத்திவிட்டு அவனிடமே போய், “நீ யாரு மகன்யா? ஒங்க ஆத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? நாளைக்கு வகுப்புக்கு வரச் சொல்லு” என்பார். எல்லாராலும் அப்படி முடியாது. புது வழிக்கு இரண்டு பேராகப் போனோம். வழியில் எந்தக் கடைக்காரர் நல்லவர் என்று தெரிந்துவைத்திருந்தோம். வகுப்பு முடிந்து திரும்பும் நேரத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டே கிளம்பினோம்.

2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்குத் தமிழக அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில வருஷங்களில் மேல்நிலைப் பள்ளி மாணவ மாணவியர் அனைவருக்கும் அது விரிந்தது. எங்கள் பள்ளியில் சைக்கிள் வந்து இறங்கும் நாள் திருவிழாவாக இருக்கும். அந்த மாணவிகளில் பலர், வண்டி வரும்போது சீட்டு எந்த உயரத்தில் இருந்ததோ அதே உயரத்தில் இரண்டு வருஷமும் ஓட்டுவதைப் பார்த்தேன். குள்ளமான பிள்ளை நுனிக்காலில் தத்தளிக்கும், உயரமான பிள்ளை முட்டியை வயிற்றில் இடித்துக்கொண்டு மிதிக்கும். பள்ளி முடிந்ததும் வண்டி கொல்லைப்புறத்தில் சாய்ந்துவிடும். வலித்த வண்டியை விருப்பப்பட்டு யார் ஓட்டுவார்கள்?

தலைமையாசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. சைக்கிள் கொடுக்கும் நாளில், ஒவ்வொரு பிள்ளையையும் சுவரோரம் வண்டியில் உட்காரவைத்துச் சீட்டையும் ஹேண்டில்பாரையும் பிரேக்கையும் அவளுக்குப் பொருத்திக் கொடுங்கள். ஊர் சைக்கிள் கடைக்காரரை அரை நாள் அழையுங்கள், அவர் மகிழ்ச்சியோடு வருவார். துப்பட்டாவை எப்படிக் கட்டுவது என்று ஓர் ஆசிரியை செய்து காட்டட்டும். பள்ளியில் ஒரு பம்பும் ஒரு ஸ்பேனர் செட்டும் பஞ்சர் பெட்டியும் பிள்ளைகள் கேட்காமலே எடுக்கும் இடத்தில் இருக்கட்டும். சீட்டு நட்டை ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒருமுறையாவது தளர்த்தி இறுக்கிப் பார்த்த பிறகே வண்டியை வீட்டுக்கு அனுப்புங்கள்.